தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

தேவிகுளம். ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. சீதாதேவி நீராடிய குளம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மேலே சோலைக்காடு. கீழே தேயிலைத் தோட்டம். பாறை இடுக்கில் ஊற்று. பள்ளத்தில் ஓடை.

இங்கே மழைக்குக் குறைவில்லை. தண்ணீரும் இருக்கிறது. ஆனால் அது நல்ல தண்ணீரா? எப்படித் தெரிந்துகொள்வது? அதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

பாட்டியும் ஆஷா அக்காவும்

ஒரு எஸ்டேட் லயத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டியின் பேரனுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. ஆஷா பணியாளர் பார்க்க வந்திருக்கிறார்.

ஆஷா: பாட்டி, பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுத்தீங்களா?

பாட்டி: குடுத்துக்கிட்டேதான் இருக்கேன், தாயி. இப்பக் கொஞ்சம் தேவலை.

ஆஷா: குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது?

பாட்டி: மேல ஊத்துத் தண்ணிதான். நாப்பது வருசமா அதைத்தான் குடிக்கிறோம். கண்ணாடி மாதிரி இருக்கும். மீன்குஞ்சு துள்ளுறது தெரியும்.

ஆஷா: கொதிக்க வச்சுத்தானே பிள்ளைக்குக் குடுக்கிறீங்க?

பாட்டி: ஆமா, கொதிக்க வைப்பேன். ஆனா சூடா இருந்தா குடிக்க மாட்டான். அதனால கொஞ்சம் பச்சத்தண்ணி கலந்து வெதுவெதுப்பாக் குடுப்பேன்.

ஆஷா: அங்கதான் பாட்டி வம்பு. கொதிச்ச தண்ணியில கிருமி செத்துப் போச்சு. பச்சத்தண்ணியில இருக்கிற கிருமியை நீங்களே திரும்பவும் ஊத்திட்டீங்க. கொதிச்ச தண்ணியை மூடி வச்சு, தானா ஆற விடணும்.

பாட்டி: இவ்வளவு தெளிஞ்ச தண்ணியில கிருமி எப்படி வரும்?

ஆஷா: ஊத்துக்கு மேல என்ன இருக்கு, பாட்டி?

பாட்டி: முன்னால காடுதான் இருந்தது. இப்ப ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கு. புது லயத்துக் கக்கூஸ் குழியும் அங்கதான்.

ஆஷா: மழை பெஞ்சா அந்தத் தண்ணி எந்தப் பக்கம் வரும்?

பாட்டி பதில் சொல்லவில்லை. ஊற்று இருக்கும் பக்கம் பார்த்தார்.

கண்ணும் நாக்கும் ஏமாறும்

பாட்டி சொன்னது பொய் இல்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய்க் கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறமும் இல்லை. சுவையும் இல்லை.

1854-ஆம் ஆண்டு. லண்டன் நகரத்தில் பிராட் தெரு என்று ஒரு தெரு. அங்கே ஒரு அடிபம்பு இருந்தது. அந்தத் தண்ணீருக்கு நல்ல பெயர். சில மைல் தள்ளிக் குடியிருந்த ஒரு அம்மா அதன் சுவைக்காக அதை வரவழைத்துக் குடித்தார். திடீரென்று அந்தத் தெருவில் காலரா பரவியது. பத்து நாளில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். தூரத்தில் இருந்த அந்த அம்மாவும் காலராவில் இறந்தார்.

ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பம்பின் தண்ணீரைக் குடித்தவர்கள். பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். பக்கத்து வீட்டுக் கழிவுத் தொட்டி கிணற்றுக்குள் கசிந்தது பிறகு தெரிய வந்தது.

அப்போது காலராக் கிருமியை யாரும் சரியாக அறியவில்லை. 1884-இல் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய அறிஞர் நம் நாட்டுக் கல்கத்தாவில் அதை ஆராய்ந்து அடையாளம் காட்டினார். மக்கள் பயன்படுத்திய ஒரு குளத்துத் தண்ணீரிலும் அது இருந்தது.

காலரா மட்டும் அல்ல. டைபாய்டு, சீதபேதி, ஒரு வகை மஞ்சள்காமாலை ஆகியவையும் கெட்ட தண்ணீரால் வரும். மழைக்காலத்தில் இவை கூடும். மலத்தில் உள்ள கிருமியை மழைநீர் அடித்துக்கொண்டு வந்து ஊற்றிலும் கிணற்றிலும் சேர்ப்பதுதான் காரணம்.

கிருமிக்கு ஒரு சாட்சி

தண்ணீரில் வரும் நோய்க் கிருமிகள் பல. ஒவ்வொன்றையும் தேடினால் நாளும் ஆகும், பணமும் ஆகும். அதனால் ஒரு சாட்சியைத் தேடுகிறார்கள். அந்தச் சாட்சியின் பெயர் ஈ.கோலி.

ஈ.கோலி ஒரு பாக்டீரியா. மனிதர் குடலிலும், மாடு, ஆடு, நாய் போன்றவற்றின் குடலிலும் வாழும். பெரும்பாலான ஈ.கோலி நமக்குத் தீங்கு செய்யாது. ஆனால் அது தண்ணீரில் இருந்தால் என்ன பொருள்? அந்தத் தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் வந்த வழியில் நோய்க் கிருமியும் வரும்.

குடிநீருக்கு இந்திய அரசு வகுத்த தர அளவு உண்டு. 100 மில்லி தண்ணீரில் ஒரு ஈ.கோலி கூட இருக்கக் கூடாது. 100 மில்லி என்பது ஒரு சின்ன டீ கிளாஸ் அளவுதான்.

கறுக்கும் பாட்டில்

இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று முன்பு நினைத்தார்கள். 1982-இல் குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் ஓர் எளிய வழியை வெளியிட்டார்கள். ஒரு சின்னப் பாட்டில். உள்ளே மருந்து தோய்த்து உலர்த்திய காகிதம். அவ்வளவுதான்.

மலத்தோடு வரும் பல பாக்டீரியாக்கள் ஒரு வாயுவை வெளிவிடும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயுதான். அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. பாட்டிலில் உள்ள மருந்தில் இரும்பு கலந்திருக்கிறது. இந்த வாயு பட்டதும் அது கறுத்துவிடும்.

செய்யும் முறை இது:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
2. பாட்டிலின் உள்பக்கத்தையும் மூடியின் உள்பக்கத்தையும் தொடாதீர்கள்.
3. கோடு போட்ட அளவு வரை தண்ணீர் விடுங்கள். மூடுங்கள்.
4. ஊற்றிய நாளும் நேரமும் எழுதி ஒட்டுங்கள்.
5. இளஞ்சூடான இடத்தில் வையுங்கள்.
6. 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். கறுக்கவில்லை என்றால் 48 மணி நேரம் வரை வைத்துப் பாருங்கள்.

தேவிகுளத்துக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பாக்டீரியா வளர 30 முதல் 37 டிகிரி வரை சூடு நல்லது. நம் ஊரோ குளிர் ஊர். குளிரில் வைத்தால் பாக்டீரியா மெதுவாக வளரும். கெட்ட தண்ணீரும் சீக்கிரம் கறுக்காது. அதனால் பாட்டிலைத் துணியில் சுற்றி அடுப்பங்கரையில் வையுங்கள். தீ அருகில் வேண்டாம். கை பொறுக்கும் இளஞ்சூடு போதும்.

கறுத்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். சில இடங்களில் நிலத்தடி நீரிலேயே இந்த வாயு இருக்கும். அதனாலும் கறுக்கலாம். எனவே ஆய்வுக்கூடத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சோதனை முடிந்த பாட்டிலில் கிருமி பெருகியிருக்கும். குழந்தைகள் கையில் கிடைக்க விடாதீர்கள். அதில் பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி வைத்து, பிறகு கழிவறையில் கொட்டுங்கள்.

கொதித்தாலும் போகாத நஞ்சு

இந்தப் பாட்டில் கறுக்கவில்லை. அப்படியானால் தண்ணீர் முழுக்க நல்லதா? இல்லை. இந்தப் பாட்டில் கிருமியைத்தான் காட்டும். நஞ்சைக் காட்டாது.

தண்ணீருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று கிருமி. அது உயிர் உள்ளது. கொதித்தால் சாகும். மற்றொன்று கரைந்த நஞ்சு. ஈயம், காட்மியம், ஃப்ளூரைடு, நைட்ரேட் போன்றவை. இவற்றுக்கு உயிர் இல்லை. கொதித்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற, மிஞ்சிய தண்ணீரில் இவற்றின் அளவு கூடும்.

நம் மாநிலத்திலேயே பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் சில ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளூரைடு அதிகம். பல ஆண்டுகள் குடித்தால் பல் கறை படியும். எலும்பு கெடும். வயலிலும் தோட்டத்திலும் போடும் உரம் கரைந்து வந்தால் நைட்ரேட் கூடும். அது கைக்குழந்தைக்கு ஆபத்து. பூச்சிமருந்து அடித்த டப்பாவை ஓடையில் கழுவினால் அந்த விஷம் கீழே குடிப்பவர் வயிற்றுக்குப் போகும்.

பிளாச்சிமடை கதை

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, பெருமாட்டி பஞ்சாயத்து. அங்கே தமிழ்நாட்டு எல்லை அருகில் பிளாச்சிமடை என்று ஒரு ஊர். பழங்குடி மக்கள் அதிகம். 2000-இல் அங்கே கோக்க கோலா ஆலை வந்தது.

சில காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறங்கியது. இருந்த தண்ணீரும் மாறிவிட்டது. சோறு சரியாக வேகவில்லை. குளித்தால் உடம்பு அரித்தது. தண்ணீர் கெட்டுவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அதில் முன்னால் நின்றார்.

கிணற்றுத் தண்ணீர் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. கடினத்தன்மையும் கரைந்த உப்புகளும் மிக அதிகம், குடிக்க ஏற்றதல்ல என்று முடிவு வந்தது. ஆலைக் கழிவுச் சேற்றை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். 2003-இல் அந்தச் சேற்றைப் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். அதில் ஈயமும் காட்மியமும் இருந்தன. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆனால் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு நடந்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

மயிலம்மா 2007-இல் காலமானார். 2010-இல் அரசு அமைத்த குழு, மக்களுக்கு ஏற்பட்ட இழப்பு 216 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. 2011-இல் இழப்பீட்டுக்கான சட்ட வரைவு கேரளச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இதில் நமக்கு என்ன பாடம்? தண்ணீர் மாறியதை முதலில் கண்டவர்கள், தினமும் குடம் தூக்கிய பெண்கள். அவர்கள் சொன்னதற்குச் சோதனைத் தாள் சாட்சி ஆனது. வாய்ச்சொல்லைத் தட்டிக் கழிக்கலாம். எண்ணோடு எழுதிய தாளை அவ்வளவு எளிதாகத் தட்டிக் கழிக்க முடியாது.

மீன் சொல்லும் செய்தி

எந்த நஞ்சு என்று தெரிந்தால் அதைத் தேடலாம். தெரியாவிட்டால்? அப்போது உயிர்களைக் கொண்டு சோதிப்பது உண்டு. ஆலைக் கழிவுநீருக்கு நம் நாட்டில் இப்படி ஒரு விதி இருக்கிறது. கழிவுநீரில் மீன்களை 96 மணி நேரம் விடுவார்கள். 100 மீனில் 90 மீனாவது பிழைக்க வேண்டும். ஒளி விடும் ஒரு வகை பாக்டீரியாவைக் கொண்டும் சோதிப்பார்கள். நஞ்சு இருந்தால் அதன் ஒளி மங்கும்.

ஓடையில் மீன் செத்து மிதந்தால் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். கொதிக்க வைத்தும் குடிக்காதீர்கள். உடனே பஞ்சாயத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் சொல்லுங்கள்.

ஆனால் மீன் துள்ளுகிறது என்பதற்காகக் குடித்துவிடலாமா? கூடாது. நமக்கு டைபாய்டு தரும் கிருமி மீனைக் கொல்லாது. பாட்டியின் ஊற்றிலும் மீன் துள்ளியது அல்லவா?

சோதனைக்குத் தண்ணீர் எடுப்பது எப்படி?

தவறாக எடுத்தால் முடிவும் தவறாகும். இரண்டு சோதனைக்கும் இரண்டு முறை.

கிருமிச் சோதனைக்கு:
ஆய்வுக்கூடம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். அதைக் கழுவக் கூடாது. உள்ளே சிறிது மருந்து போட்டிருப்பார்கள். குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்து விட்டுப் பிறகு பிடியுங்கள். மேலே கொஞ்சம் இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் கொண்டு சேருங்கள். மலைப்பாதைப் பயணத்தைக் கணக்கில் வைத்துக் காலையிலேயே எடுங்கள்.

நஞ்சுச் சோதனைக்கு:
சுத்தமான 2 லிட்டர் பிளாஸ்டிக் கேன் எடுங்கள். சோதிக்கப் போகும் தண்ணீரைக் கொண்டே மூன்று முறை அலசுங்கள். பிறகு விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். பூச்சிமருந்தைத் தேட வேண்டும் என்றால் ஆய்வுக்கூடத்தில் முன்பே கேளுங்கள். அதற்குக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும்.

எங்கே கொடுப்பது? கேரள நீர் ஆணையத்துக்குச் சோதனைக்கூடங்கள் உண்டு. அருகில் உள்ளது எது, கட்டணம் எவ்வளவு என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் கேளுங்கள். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியும் பயிற்சியும் தர வழி செய்திருக்கிறார்கள். நம் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அறிக்கையைப் படிப்போம்

கீழே இருப்பது ஒரு மாதிரி அறிக்கை. இது எந்த ஊரின் அறிக்கையும் அல்ல. ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று அளவு தந்திருக்கிறது. பி.ஹெச். என்பது புளிப்பும் காரமும் காட்டும் எண். அதற்கு மில்லிகிராம் இல்லை.

பி.ஹெச். – இருப்பது 6.8 – இருக்க வேண்டியது 6.5 முதல் 8.5 வரை
கடினத்தன்மை – இருப்பது 60 – 200-க்குள்
இரும்பு – இருப்பது 0.4 – 1-க்குள்
நைட்ரேட் – இருப்பது 12 – 45-க்குள்
ஃப்ளூரைடு – இருப்பது 0.3 – 1-க்குள்
ஈ.கோலி – இருக்கிறது – 100 மில்லியில் இருக்கவே கூடாது

ஐந்து பாடத்தில் பாஸ். ஒரு பாடத்தில் பெயில். இந்தத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? கூடாது. கொதிக்க வைத்தால் குடிக்கலாமா? குடிக்கலாம். ஏன் என்றால் கெட்டது கிருமி மட்டும்தான்.

நைட்ரேட் 80 என்று வந்திருந்தால்? கொதிக்க வைத்துப் பயன் இல்லை. வேறு தண்ணீர்தான் தேட வேண்டும்.

கிருமி இருந்தால் என்ன செய்வது?

முதலில் கொதிக்க வையுங்கள். குமிழ் விட்டுத் தளதளவென்று கொதிக்க வேண்டும். மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். அதனால் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள்.

அடுத்தது தொட்டி. ஓடும் ஊற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பயன் இல்லை. தண்ணீர் தங்கும் தொட்டியிலோ கிணற்றிலோ போட வேண்டும். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம். நோய் பரவும் காலத்தில் 5 கிராம். புதிதாகப் பிரித்த பவுடரை ஒரு வாளியில் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்குங்கள். பத்து நிமிடம் தெளிய விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் விட்டுக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

பவுடர் இன்றைய கிருமியைக் கொல்லும். நாளை வரும் கிருமியைத் தடுக்காது. அதனால் ஊற்றுக்கு மேலே ஏறிப் பாருங்கள். கழிவறைக் குழி எங்கே? சாணக் குவியல் எங்கே? உடைந்த குழாய் எங்கே? ஊற்றைச் சுற்றிச் சுவர் கட்டி மூடலாம். மழைநீர் உள்ளே வராமல் கால்வாய் வெட்டலாம். பிறகு மறுபடியும் சோதியுங்கள். மழை தொடங்கும்போது ஒரு முறை, வெயில் காலத்தில் ஒரு முறை சோதித்து, முடிவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

மனு எழுதுவோம்

தேவிகுளத்துத் தமிழர்கள் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

ஐயா,
எங்கள் லயத்தில் ........ குடும்பங்கள் இருக்கிறோம். ........ ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கிறோம். ........ தேதியில் செய்த சோதனையில் பாட்டில் கறுத்தது. ஆய்வுக்கூடத்தில் முழுச் சோதனை செய்து, முடிவை எங்களுக்கு எழுத்தில் தர வேண்டுகிறோம். ஊற்றுக்கு மேலே உள்ள கழிவுக் குழியைச் சரி செய்யவும் வேண்டுகிறோம்.
இப்படிக்கு,
........

பயிற்சி

1. சரியா, தவறா?
அ) தெளிந்த தண்ணீரில் கிருமி இருக்காது.
ஆ) கொதித்த தண்ணீரில் பச்சைத்தண்ணீர் கலக்கலாம்.
இ) கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது.

2. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
அ) தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டும் சாட்சி ........
ஆ) கிருமிச் சோதனைப் பாட்டிலைக் ........ கூடாது.

3. கணக்குப் போடுங்கள்.
தொட்டியில் 4000 லிட்டர் தண்ணீர். 1000 லிட்டருக்கு இரண்டரை கிராம் பிளீச்சிங் பவுடர். மொத்தம் எத்தனை கிராம் வேண்டும்?

4. சேர்ந்து பேசுங்கள்.
உங்கள் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதற்கு மேலே என்னென்ன இருக்கிறது? படம் வரைந்து, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதுங்கள். கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்டு, அந்தத் தேதியையும் படத்தின் கீழே எழுதுங்கள்.